பித்துப் பிடிக்க வைக்கும் ஊமத்தை!

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, முக்கொம்பு. அகன்று வரும் காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. இரண்டுக்கும் நடுவே தீவாகக் கிடக்கிறது, ஸ்ரீரங்கம்.

ஆடிப்பெருக்கு என்றால் முக்கொம்பில் கூட்டம் அலைமோதும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். பெரியவர்கள் மர நிழலில் உட்கார்ந்து புளியோதரையும் தயிர் சாதமும் சாப்பிடுவார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள்.

அந்தப் பிள்ளைகளின் கண்ணில் படக்கூடிய செடி ஒன்று உண்டு. அதை யாரும் விதைப்பது இல்லை. யாரும் தண்ணீர் ஊற்றுவதும் இல்லை. ஆற்றங்கரை ஓரம், சாலை ஓரம், தரிசு நிலம், குப்பைமேடு என்று எங்கே இடம் கிடைத்தாலும் தானாக முளைத்துவிடும்.

இடுப்பு உயரம் வளரும் செடி. அகன்ற இலை. நாதசுரம் போல நீண்டு, வாய் விரிந்த பூ. உருண்டையான காய். காய் முழுவதும் முள்.

அதுதான் ஊமத்தை.

பூ அழகாக இருக்கிறது என்று பிள்ளை பறிக்கிறது. காய் பந்து போல இருக்கிறது என்று உடைக்கிறது. உள்ளே கொத்தாக விதைகள். அவற்றில் ஒன்றிரண்டை வாயில் போட்டு மெல்லுகிறது. ஆபத்து அங்கே ஆரம்பம் ஆகிறது!

ஊமத்தை கொடிய விஷச்செடி. இலை, பூ, காய், விதை, வேர் எல்லாவற்றிலும் விஷம் உண்டு. அதே செடிதான் உலகத்துக்குப் பல உயிர் காக்கும் மருந்துகளுக்கும் வழி காட்டியது. கொல்வதும் அதுவே, காப்பதும் அதுவே என்றால் நம்ப முடிகிறதா? அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பெயரே சொல்லும்

"உன்மத்தம்" என்றால் பித்து. "உன்மத்தன்" என்றால் பித்துப் பிடித்தவன். அந்தச் சொல்லில் இருந்து வந்ததுதான் ஊமத்தை என்ற பெயர். தின்றவனுக்குப் பித்துப் பிடிக்கும் என்பதை நம் முன்னோர் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். இதற்கு "மத்தம்" என்றும் பெயர் உண்டு.

சிவபெருமானுக்குப் "பித்தன்" என்று ஒரு பெயர் உண்டு அல்லவா? அந்தப் பித்தனுக்கு உகந்த பூ, ஊமத்தம்பூ. தேவாரப் பாடல்களில் சிவன் சடையில் மத்தம் சூடியதாக வருகிறது. மற்றவர்கள் தொட அஞ்சும் பூவை, நஞ்சு உண்ட கடவுளுக்குச் சூட்டினார்கள்.

வெள்ளைப் பூப் பூப்பது வெள்ளை ஊமத்தை. கருநீலப் பூப் பூப்பது கரு ஊமத்தை. மஞ்சள் பூப் பூப்பது பொன் ஊமத்தை. பூவின் நிறம் எதுவானாலும் விஷம் விஷம்தான்.

மாலையில் பூ விரியும். மணமும் வீசும். அந்த மணத்தைத் தேடி இரவில் அந்துப்பூச்சிகள் வரும். ஆடு மாடுகள் மட்டும் இதை எளிதில் கடிப்பது இல்லை. இலையின் கசப்பும் நாற்றமும் அவற்றை விரட்டிவிடும்.

கத்தரிக்காய்க்குச் சொந்தக்காரன்

ஆச்சரியமான செய்தி ஒன்று. நாம் தினமும் சாப்பிடும் கத்தரிக்காய், தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய நான்கும் ஊமத்தைக்குச் சொந்தக்காரர்கள். புகையிலையும் அந்தக் குடும்பம்தான். தாவர நூல்கள் இதைக் கத்தரிக் குடும்பம் என்று சொல்கின்றன. ஒரே வீட்டில் நல்ல பிள்ளையும் பொல்லாத பிள்ளையும் பிறப்பது போல, ஒரே குடும்பத்தில் உணவும் விஷமும் இருக்கின்றன.

ஊமத்தையில் உள்ள விஷப் பொருள்கள் மூன்று. ஹயோசயமின், ஸ்கோபலமின், அட்ரோபின் என்பவை அவை. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். அட்ரோபின் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது நல்லவனாக வரப்போகிறது!

உடம்புக்குள் நடப்பது என்ன?

நம் உடம்பில் நரம்புகள் உறுப்புகளுக்கு உத்தரவு அனுப்புகின்றன. அந்த உத்தரவைச் சுமந்து செல்ல ஒரு தூதன் உண்டு. அவன் ஒரு ரசாயனப் பொருள். பெயர் அசிட்டைல்கோலின்.

தூதன் உமிழ்நீர்ச் சுரப்பியின் கதவைத் தட்டினால் வாயில் எச்சில் ஊறும். வியர்வைச் சுரப்பிக்கு உத்தரவு வந்தால் வியர்க்கும். குடலுக்கு வந்தால் குடல் அசையும். கண்ணுக்கு வந்தால் கண்ணின் பாப்பா சுருங்கும். மூளையில் நினைவும் புத்தியும் சரியாக இருக்கவும் இந்தத் தூதன் வேண்டும்.

ஊமத்தை விஷம் என்ன செய்கிறது தெரியுமா? சாவித் துவாரத்தில் குச்சியைச் செருகி அடைப்பது போல, இந்தக் கதவுகளை எல்லாம் அடைத்துவிடுகிறது. தூதன் வந்து நிற்கிறான். கதவு திறப்பது இல்லை.

அதனால் வாய் உலர்ந்துபோகும். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டும். தண்ணீர் தாகம் எடுக்கும். ஆனால் விழுங்க முடியாது. வியர்வை நின்றுவிடும். உடம்பு அனலாகக் கொதிக்கும். முகம் சிவந்து போகும். கண் பாப்பா அகலமாக விரிந்துவிடும். வெளிச்சத்தைப் பார்த்தால் கூசும். பக்கத்தில் உள்ள பொருள் மங்கலாகத் தெரியும். இதயம் படபடவென்று அடிக்கும். சிறுநீர் கட்டிக்கொள்ளும்.

கடைசியாக மூளை கலங்கும். நடை தள்ளாடும். பேச்சு குழறும். எதிரே யாரும் இல்லாதபோது, யாரோ இருப்பது போலப் பேசுவார்கள். காற்றில் இல்லாத நூலை இழுப்பார்கள். உடுத்திய துணியைப் பிடித்துப் பிடித்து இழுப்பார்கள். பெற்ற தாயையே "நீ யார்?" என்று கேட்பார்கள்.

சாதாரணமாக அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இந்த அடையாளங்கள் தோன்றும். ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கும். கண் பாப்பா பழைய நிலைக்கு வர அதற்கு மேலும் சில நாள் ஆகலாம். விஷம் அதிகமானால் வலிப்பு வரும். மூச்சு அடங்கும். உயிர் போகும். பித்து ஏறிய நேரத்தில் ஆற்றில் இறங்கியோ, மாடியில் இருந்து விழுந்தோ சாவதும் உண்டு.

கீரை தின்ற சிப்பாய்கள்

ஊமத்தையின் பித்துக்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கிறது.

1676-ம் ஆண்டு. வர்ஜீனியா மாகாணத்தில் ஒரு கலகம். அதை அடக்க ஜேம்ஸ்டவுன் என்ற ஊருக்குச் சிப்பாய்கள் வந்தார்கள். வந்த இடத்தில் ஊமத்தை இனச் செடியின் இளம் இலைகளைக் கண்டார்கள். கீரை என்று நினைத்துப் பறித்து வேக வைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.

அவ்வளவுதான்! ஒருவன் ஓர் இறகை ஊதி ஊதிப் பறக்கவிட்டான். இன்னொருவன் அந்த இறகைப் பார்த்து ஆவேசமாக வைக்கோலை வீசினான். மற்றொருவன் துணி இல்லாமல் மூலையில் குரங்கு போல உட்கார்ந்து பல்லைக் காட்டினான். வேறொருவன் கண்டவர்களை எல்லாம் பிடித்து முத்தம் கொடுத்தான். தங்களுக்கே கேடு செய்துகொள்வார்கள் என்று பயந்து, அவர்களைப் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று.

11 நாள் இந்தக் கூத்து நடந்தது. 12-வது நாள் தெளிவு வந்தது. நடந்தது எதுவும் அவர்களுக்கு நினைவு இல்லை! ராபர்ட் பெவர்லி என்பவர் 1705-ம் ஆண்டு வெளியிட்ட வர்ஜீனியா வரலாற்று நூலில் இதை எழுதி இருக்கிறார். அந்தச் செடிக்கு ஜேம்ஸ்டவுன் களை என்றே பெயர் ஏற்பட்டது.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் எல்லோரும் அந்தச் சிப்பாய்களைப் போல அதிர்ஷ்டசாலிகள் அல்ல.

வழிப்போக்கருக்கு வைத்த பொறி

தின்றவனுக்கு நினைவு போகும். பிறகு நடந்ததைச் சொல்லத் தெரியாது. ஒரு திருடனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

1563-ம் ஆண்டு கோவாவில் கார்சியா த ஓர்த்தா என்ற போர்ச்சுக்கீசிய டாக்டர், இந்திய மூலிகைகளைப் பற்றி ஒரு நூல் அச்சிட்டார். வீட்டு எஜமானிக்கு வேலைக்காரி ஊமத்தை கொடுத்து, நகைகளை எடுத்துக்கொண்டு ஓடிய கதை அதில் வருகிறது. ஆக, 450 ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தந்திரம் தெரிந்திருந்தது.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் இது பெரிய தொல்லையாக வளர்ந்தது. அந்தக் காலத்தில் நெடுந்தூரப் பிரயாணிகள் சத்திரங்களில் தங்குவார்கள். வழியில் நல்லவன் போல ஒருவன் வந்து சேர்ந்துகொள்வான். "நானும் உங்கள் ஊர்ப் பக்கம்தான்" என்பான். இருவரும் சேர்ந்து சமைப்பார்கள். சாப்பாட்டில் ஊமத்தை விதைப் பொடி கலந்திருக்கும். சாப்பிட்டவன் கண் விழிக்கும்போது, மூட்டையும் இருக்காது, துணைக்கு வந்தவனும் இருக்க மாட்டான். சிலர் கண் விழிப்பதே இல்லை.

இதற்காகவே 1856-ம் ஆண்டு நார்மன் செவர்ஸ் என்ற டாக்டர் கல்கத்தாவில் வெளியிட்ட நீதி மருத்துவ நூலில், ஊமத்தை விஷத்துக்கு முக்கியமான இடம் கொடுத்தார்.

இன்றும் பஸ்சிலும் ரெயிலிலும் மயக்க பிஸ்கட் கொடுத்துத் திருடுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் தூக்க மாத்திரையைக் கலக்கிறார்கள். மருந்து மாறிவிட்டது, தந்திரம் மாறவில்லை. முன்பின் தெரியாதவர் கொடுப்பதைச் சாப்பிடாதீர்கள் என்று ரெயில்வே இன்றும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மிளகாய் விதை போல

ஊமத்தை விதையை எளிதில் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அது பார்வைக்கு மிளகாய் விதையைப் போலவே இருக்கும்! ஒரே குடும்பம் அல்லவா?

இரண்டையும் பிரித்து அறிய, டாக்டருக்குப் படிக்கும் மாணவர்களுக்குத் தனியாகவே பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். மிளகாய் விதை வெளிர் மஞ்சள். வட்டமாக, வழவழப்பாக இருக்கும். கடித்தால் காரம். ஊமத்தை விதை பழுப்பு நிறம். மிளகாய் விதையைவிடத் தடிப்பு. சிறுநீரகம் போல வளைந்திருக்கும். அதன் ஓரத்தில் இரட்டைக் கரை ஓடும். சுவை கசப்பு. சுவை பார்த்துச் சோதிக்க வேண்டாம். கண்ணால் பார்த்தால் போதும்.

அந்தக் காலத்தில் விஷத்தைக் கண்டுபிடிக்க ஒரு விசித்திரமான சாட்சியை வைத்திருந்தார்கள். அந்தச் சாட்சி, பூனை! விஷம் உண்டவரின் சிறுநீரில் ஒரு சொட்டு எடுத்துப் பூனையின் கண்ணில் விடுவார்கள். பூனையின் கண் பாப்பா அகலமாக விரிந்தால், ஊமத்தை இன விஷம் என்று தெரிந்துகொள்வார்கள். இன்று ரசாயனச் சோதனைக்கூடங்கள் வந்துவிட்டன. பூனை பிழைத்தது!

இதுவரை ஊமத்தையின் பொல்லாத முகத்தைப் பார்த்தோம். இனி நல்ல முகம்.

சென்னையில் இருந்து இங்கிலாந்துக்கு

இழுப்பு நோய்க்காரர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? மூச்சுக்குழாய் சுருங்கி, நெஞ்சு அடைத்து, மூச்சுக்குத் தவிப்பார்கள். ஊமத்தை இனச் செடிகளை உலர்த்திப் புகை பிடித்தால் அந்த இழுப்பு தணியும் என்பது நம் நாட்டில் பழைய கைமுறை.

200 ஆண்டுகளுக்கு முன் சென்னையில் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தவர், ஜேம்ஸ் ஆண்டர்சன். அவர் இந்த முறையைக் கவனித்தார். தம்மிடம் வந்தவர்களுக்கும் சொன்னார். அவர் மூலம் இதை அறிந்த ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி, 1802-ம் ஆண்டு இங்கிலாந்து டாக்டர்களுக்குச் சொன்னார்.

அதன் பிறகு சீமையில் ஊமத்தைப் புகை பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டிலும் "இழுப்பு சிகரெட்" என்று பெட்டி பெட்டியாக விற்றார்கள். தமிழ்நாட்டுக் கைமுறை ஒன்று கப்பல் ஏறி உலகம் சுற்றியது!

ஆனால் அந்த சிகரெட் நிலைக்கவில்லை. ஏன்? ஒரு சிகரெட்டில் விஷம் அதிகம் இருக்கும். இன்னொன்றில் குறைவாக இருக்கும். எவ்வளவு உள்ளே போகிறது என்று அளக்க முடியவில்லை. புகையும் நுரையீரலுக்குக் கெடுதல். அதனால் விஞ்ஞானிகள் அட்ரோபினை அடிப்படையாக வைத்து, இப்ராட்ரோபியம் என்ற புதிய மருந்தைச் செய்தார்கள். மூச்சில் இழுக்கும் சிறு குப்பியில் அது இன்று கிடைக்கிறது.

ஒரு தடவை அழுத்தினால் வரும் அளவு 20 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால், ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். அப்படிப்பட்ட 20 பங்கு! எவ்வளவு நுட்பமான அளவு என்று பாருங்கள்.

ஜப்பான் டாக்டரின் மனைவி

ஊமத்தையைக் கொண்டு முதன்முதலில் பெரிய அறுவை சிகிச்சை செய்தவர் ஒரு ஜப்பானியர். பெயர், ஹனவோக்கா செய்ஷூ.

அந்தக் காலத்தில் அறுவை என்றால் நோயாளியைக் கட்டிப்போட்டு அறுப்பார்கள். அந்த அலறலைக் கேட்கப் பொறுக்காத ஹனவோக்கா, வலி தெரியாமல் அறுக்க வழி தேடினார். ஊமத்தையோடு வேறு சில மூலிகைகளைச் சேர்த்து மயக்க மருந்து செய்தார். ஆண்டுக்கணக்கில் சோதித்தார். அவருடைய மனைவி, "என் மீது சோதியுங்கள்" என்று முன்வந்தார். அந்தச் சோதனையில் அந்த அம்மாளின் கண் பார்வையே பறிபோனது.

1804-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி, மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்த 60 வயது மூதாட்டிக்கு அந்த மருந்தைக் கொடுத்து, கட்டியை அறுத்து எடுத்தார், ஹனவோக்கா. அமெரிக்காவில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து எல்லோர் முன்னிலையிலும் அறுவை செய்து காட்டியது 1846-ம் ஆண்டில். அதற்கு 42 ஆண்டு முன்பே ஊமத்தை அந்த வேலையைச் செய்துவிட்டது.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை, ஒரு பெண்ணின் இரண்டு கண்கள்!

விஷத்தை முறிக்கும் விஷம்

அட்ரோபின் என்ற பெயரை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? இதோ வருகிறது.

காவிரிப் பாசனப் பகுதியில் நெல்லும் வாழையும் கரும்பும் விளைகின்றன. பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். முகமூடி இல்லாமல் மருந்து அடித்து மயங்கி விழுகிறவர்கள் உண்டு. மனம் உடைந்த வேளையில் அதையே எடுத்துக் குடித்துவிடுகிறவர்களும் உண்டு.

பூச்சிமருந்துகளில் ஒரு வகை, ஊமத்தைக்கு நேர் எதிராக வேலை செய்யும். தூதனை வேலை முடிந்ததும் அனுப்பிவிட உடம்பில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பூச்சிமருந்து அந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிடும். தூதன் போகாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பான். எச்சில் ஒழுகும். வியர்வை கொட்டும். கண் பாப்பா ஊசிமுனை போலச் சுருங்கும். நெஞ்சில் நீர் கோத்து மூச்சு அடைக்கும்.

அப்போது டாக்டர் எடுக்கும் ஆயுதம், அட்ரோபின் ஊசி! திறந்து கிடக்கும் கதவுகளை அது அடைக்கிறது. நெஞ்சில் கோத்த நீர் வற்றுகிறது. மூச்சு திரும்புகிறது. ஆஸ்பத்திரியில் நாடியைப் பிடித்துப் பார்த்து, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். குறைந்தால் நோயாளி பிழைக்க மாட்டார். கூடினால் ஊமத்தைப் பித்தே வந்துவிடும்.

இந்த ஊசியால் உயிர் பிழைத்து வீடு திரும்பியவர்கள் ஏராளம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "பூச்சிமருந்து குடித்தவனுக்கு ஊமத்தை இலையை அரைத்துக் கொடுத்தால் போதுமே!" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது ஒரு விஷத்தோடு இன்னொரு விஷத்தையும் ஏற்றுவதாகும். பூச்சிமருந்துகளில் பல வகை உண்டு. எல்லாவற்றுக்கும் அட்ரோபின் மருந்து அல்ல. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர்.

அட்ரோபினும் அதன் உறவு மருந்துகளும் இன்னும் பல வகையில் உதவுகின்றன. கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரியச் செய்து, உள்ளே பார்ப்பது இந்த வகை மருந்தால்தான். கப்பலில் போகிறவர்களுக்கு வரும் தலைச்சுற்றலுக்கும் குமட்டலுக்கும் ஸ்கோபலமின் மருந்து.

அளவுதான் ரகசியம்

ஒரே பொருள் எப்படி விஷமாகவும் மருந்தாகவும் இருக்கிறது?

இதற்கு விடை முக்கொம்பிலேயே இருக்கிறது. முற்காலத்தில் அங்கே அணை இல்லை. பள்ளமாக இருந்த கொள்ளிடம், தண்ணீரை எல்லாம் இழுத்துக்கொண்டது. காவிரியில் மணல் மேடிட்டது. தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் குறைந்தது. அதைப் பார்த்த என்ஜினீயர் ஆர்தர் காட்டன், 1836-ம் ஆண்டு தொடங்கி 1838-ம் ஆண்டுக்குள் மேலணையைக் கட்டினார். அதன் பிறகு தண்ணீர் இவ்வளவு இங்கே, இவ்வளவு அங்கே என்று கணக்காகப் பிரிந்தது. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி கொள்ளிடம் பக்கத்தில் 9 மதகுகள் உடைந்தபோது, அளவு கெட்டால் என்ன ஆகும் என்பதை ஊரே பார்த்தது. பிறகு அங்கே புதிய கதவணை கட்டினார்கள்.

அளந்து விட்டால் பாசனம். அளவு மீறினால் வெள்ளம். தண்ணீர் ஒன்றுதான்.

ஊமத்தையும் அப்படியே. ஆனால் ஆற்றுக்கு மதகு உண்டு. செடிக்கு மதகு இல்லை. ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு செடிகளில் விஷம் ஒரே அளவாக இருக்காது. மழைக் காலத்துச் செடியும் வெயில் காலத்துச் செடியும் ஒன்றல்ல. இலையில் ஒரு அளவு, விதையில் ஒரு அளவு. "நான் ஒரே ஓர் இலைதான் கொடுத்தேன்" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அந்த ஓர் இலையில் எவ்வளவு விஷம் இருந்தது என்று வீட்டில் யாராலும் அளக்க முடியாது.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது பழமொழி. அளவே தெரியாத நஞ்சை என்னவென்று சொல்வது?

மேலே தடவும் தைலம்

நம் சித்த வைத்தியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆறாத புண்ணுக்கு அவர்கள் மத்தன் தைலம் போடுவார்கள். ஊமத்தை இலைச் சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சுவது அது. பச்சை எண்ணெய் என்றும் சொல்வார்கள். அது புண்ணின் மேல் போடும் மருந்து. உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து அல்ல. அதையும் படித்த வைத்தியரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

கிராமங்களில் இன்னொரு வழக்கம் இருந்தது. நாய் கடித்தால் ஊமத்தை இலைச் சாறு கொடுப்பார்கள். இது இரட்டை ஆபத்து! வெறிநாய் நோய்க்கு ஊமத்தை மருந்தே அல்ல. நோய் முற்றி வெளியே தெரிந்துவிட்டால், அநேகமாக உயிர் பிழைப்பது இல்லை. சாறு குடித்துவிட்டுச் சும்மா இருந்தால், ஊசி போட வேண்டிய நாட்கள் வீணாகிவிடும். நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குன்னூரில் வெறிநாய்க்கடிக்கென்று பாஸ்டர் நிலையம் 1907-ம் ஆண்டே வந்துவிட்டது. இப்போது தடுப்பூசி அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடப்படுகிறது.

வயலிலும் கவனம் வேண்டும்

ஊமத்தை விளையாட்டுப் பிள்ளைகளை மட்டும் தேடி வருவது இல்லை. சாப்பாட்டிலும் கலந்து வரும்.

2019-ம் ஆண்டு ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில், உணவு உதவியாகச் சத்துமாவு வழங்கினார்கள். அதைச் சாப்பிட்டவர்களில் சுமார் 300 பேர் பித்துப் பிடித்தது போல ஆனார்கள். 5 பேர் மாண்டார்கள். மாவில் ஊமத்தை இன விஷம் கலந்திருந்தது பிறகு தெரிந்தது. 2022-ம் ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவில், கடையில் வாங்கிய கீரையைச் சாப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். கீரைப் பாத்தியில் முளைத்த ஊமத்தைச் செடி, அறுவடையில் சேர்ந்து வந்துவிட்டது!

ஆகவே விவசாயிகள், ஊமத்தையைப் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். காய் முற்றி வெடித்தால் ஒரு செடியே நூற்றுக்கணக்கான விதைகளைச் சிதறும். பிடுங்கிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவாத கையால் கண்ணைத் தேய்த்தால், கண் பாப்பா விரிந்து பார்வை மங்கும்.

சாப்பிட்டுவிட்டால் என்ன செய்வது?

பிள்ளை திடீரென்று உளறுகிறதா? முகம் சிவந்து, உடம்பு கொதித்து, வியர்வை இல்லாமல் இருக்கிறதா? கண் பாப்பா பெரிதாக விரிந்திருக்கிறதா? "பேய் பிடித்துவிட்டது" என்று வேப்பிலை அடிக்கப் போகாதீர்கள். பக்கத்தில் ஊமத்தைச் செடி இருக்கிறதா என்று பாருங்கள்.

வாயில் மிச்சம் இருந்தால் விரலால் எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்க முடியாத பிள்ளைக்குப் புகட்டினால் மூச்சுக்குழாயில் போய்விடும். மோர், புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். உடம்பு கொதித்தால் ஈரத்துணியால் துடையுங்கள். எழுந்து ஓடாமல் ஒருவர் கூடவே இருங்கள். ஆற்றங்கரையாக இருந்தால் தண்ணீர்ப் பக்கம் போக விடாதீர்கள்.

108-க்கு உடனே போன் செய்யுங்கள். தின்ற காயையோ இலையையோ ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அதைப் பார்த்தால் டாக்டருக்கு நேரம் மிச்சம். பூனையின் கண்ணைத் தேட வேண்டியது இல்லை! எத்தனை மணிக்குத் தின்றது என்பதையும் சொல்லுங்கள். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள்.

"போதை வருமாம்" என்று கேள்விப்பட்டு, ஊமத்தையைத் தின்று பார்க்கும் வாலிபர்களும் இருக்கிறார்கள். அது இன்பம் தரும் போதை அல்ல. வாய் உலர்ந்து, கண் இருண்டு, பயந்து நடுங்கும் பித்து. வீட்டுப் பெரியவர்கள் அவர்களை உட்கார வைத்து, இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை முக்கொம்புக்கோ வேறு ஆற்றங்கரைக்கோ போகும்போது, "தாத்தா, இது என்ன பூ?" என்று பேரப்பிள்ளை கேட்டால் சொல்லுங்கள். "இது ஊமத்தம்பூடா கண்ணு. சாமிக்கு ஆகும். நமக்கு ஆகாது. பார்க்கலாம், பறிக்கக் கூடாது" என்று காட்டிக் கொடுங்கள். ஒரு முறை காட்டிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை ஆயுள் முழுவதும் மறக்காது.